கப்பல் சாமான்

எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டுச் சாமான் என்று சொல்லமாட்டோம். கப்பல் சாமான் என்றுதான் பேச்சு. நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிறவர்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் ஒன்று இருக்கும். வெளிநாட்டில் வாங்கிய பொம்மைகள் அதற்குள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்துக்கொண்டே அவற்றைப் பார்ப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே பார்க்கும்.

கண்ணில் பட்டதை வாங்கி வருகிறவன் இல்லை நான். கரையில் இறங்கக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்குவேன். பேட்டரி போடுகிற பொம்மை பக்கமே போகமாட்டேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் அதன் உள்கம்பி சீக்கிரமே பச்சை பூத்துவிடும். சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்பேன். பெயின்டை நகத்தால் சுரண்டப் போய் ஒரு கடைக்காரியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், பாஷை புரியாததால் வலிக்கவில்லை. தானே ஆடிப் பாடுகிற பொம்மையைப் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பதுதான் நல்ல பொம்மை என்பது என் கொள்கை. அப்படித் தேடி என் மகளுக்கு வாங்கியதுதான் அந்த மர ரயில். பெட்டிகளைக் கழற்றலாம், மாற்றிக் கோக்கலாம், மேலே கட்டைகளை அடுக்கி இறக்கலாம். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

வாங்கி வந்து ஷோகேஸில் வைத்துப் பூட்டினேன்.

நான் லீவில் வரும்போதெல்லாம் மகள் கேட்பாள். “ஒரே ஒரு நா வெளிய எடுங்கப்பா.”

“ஏளா, அது கப்பல் சாமான். ஒடைஞ்சா அங்கன போயி வாங்க முடியுமா?”

அவள் அழுததில்லை. வலையிலிருந்து கழன்று கரையில் ஒதுங்கிய மிதப்புகளைப் பொறுக்கி வந்து, நூலில் கோத்து, ஷோகேஸுக்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டு திரிந்தாள். அது ரயில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஓடாமல் நிற்கிற இன்ஜின்தான் முதலில் கெட்டுப்போகும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

இந்த விடுமுறைக்கு மகள் தன் பெண்ணோடு சென்னையிலிருந்து வந்திருந்தாள். பேத்திக்கு ஐந்து வயது. அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தக் குழந்தை ஒரு முறையாவது ரயிலை உருட்டி விளையாடிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பதைவிடப் பயம் என்று சொல்லலாம். அடுத்த முறை வரும்போது அவளுக்கு அந்த வயது தாண்டியிருக்கும். நான் இருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

காலையில் பலகாரம் முடிந்ததும் ஷோகேஸைத் திறந்தேன். கதவு இறுகிப்போயிருந்தது. நான் தட்டித் தட்டி இழுத்த சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“மியூசியம் தொறக்காவ! எல்லாரும் டிக்கெட் எடுத்துட்டு வாங்க!”

மகள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். “எதுக்குப்பா அத எடுக்கிய? ஒடச்சிருவா.”

“ஒடைக்கட்டும்ளா.”

“யாரு பேசுதது? எங்கப்பாவா?” என்று சிரித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை.

பேத்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் தாயி கையப் பின்னால கட்டியிருக்க?”

“ஷோகேஸ் முன்னாடி இப்படித்தானே தாத்தா நிக்கணும்?”

நான் மகளைப் பார்த்தேன். “நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலப்பா,” என்றாள். “யாரு வீட்டுக்குப் போனாலும் நான் அப்படித்தான் நிக்கேன். என்னையப் பாத்துப் படிச்சிருப்பா.”

ரயிலை எடுத்துத் தரையில் வைத்தேன். பேத்தி தள்ளி உட்கார்ந்தாள். வற்புறுத்தியபின் ஒரு பெட்டியை இரு கைகளாலும் தூக்கி, திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். “நல்லா இருக்கு தாத்தா,” என்றாள், விருந்துக்கு வந்தவர்கள் சொல்வதுபோல.

நான் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தேன். ரயிலைத் தள்ளினேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. கட்டைகளை அடுக்கினேன், வேண்டுமென்றே சரியவிட்டேன். வாயைக் குவித்துக் கூவென்று கூவினேன். “ஹார்பர்ல கப்பல் வந்துட்டு போல,” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சத்தம் போட்டாள். பேத்தி சிரிக்கவில்லை. எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள்.

“போதும் தாத்தா. உடைஞ்சிடும். உள்ள வச்சிடலாமா?”

வேண்டாம் என்றேன். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

பேத்தி பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய வரிசையில் நிறுத்தினாள். கண்ணாடிக் கதவை மெல்லத் தள்ளி மூடினாள். பிறகு, கண்ணாடியில் பதிந்திருந்த என் கைரேகைகளைக் கவுன் நுனியால் துடைக்க ஆரம்பித்தாள்.