பத்து விளக்குப் பெட்டி

காஜா பேராங் பகுதியில் மருதமுத்துவின் வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் திடுக்கிடாமல் போனதில்லை. கதவைத் தள்ளினால் உள்ளே எங்கோ மணி அடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜைமேல் இருக்கும் பால் டின்னுக்குள் சிவப்பு விளக்கு எரியும். "ஆள் உட்கார்ந்தது அதுக்குத் தெரியுது பாருங்க" என்று அவர் சிறுபிள்ளைபோல் சிரிப்பார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. டெலிபோன் இலாகாவில் மெக்கானிக். அப்பா புக்கிட் பாருவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே செத்தார். அம்மாவும் யுத்தத்தில் போய்விட்டாள். மிச்சம் இருந்தது தங்கை அலமேலு. அவளைப் படிக்கவைத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆக்கியிருந்தார்.

இலாகா கழித்துப்போடும் பழைய சாமான்கள்தாம் அவருடைய செல்வம். உடன் வேலை செய்த பிச்சை, செட்டிக் கம்பத்துக்காரர், பேர் தமிழ், பேச்சு மலாய், சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொட்டுவார். கம்பிச் சுருள், தேய்ந்த விசை, உடைந்த சுழல்சக்கரம் எல்லாம் வரும். கரியடுப்பில் காயவைத்த ஈயப்பற்று இரும்பும் ஒரு மூக்குக் குறடும் இருந்தால் மருதமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை போதாது. ஆனால் அவர் உயிராக மதித்த கருவி வேறு: கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பக்கம் பக்கமாக இரண்டே சொற்கள் இருக்கும். ஆம், இல்லை. "எந்தச் சட்டத்தையும் ஆம் இல்லைன்னு உடைச்சிட்டா, மீதியைக் கம்பி பார்த்துக்கும்" என்பார். லண்டன் பத்திரிகைகளில் எலெக்ட்ரானிக் மூளை என்று ஒன்றைப் பற்றிப் படித்திருந்தார். அது ஓர் அறை முழுக்க நிற்குமாம்; ஒரு தோட்டத்தையே விற்றாலும் வாங்க முடியாதாம். "அவனுக்கு அறை இருக்கு. நமக்கு பிஸ்கட் டின் இருக்கு."

அந்த பிஸ்கட் டின் தீக்குச்சி ஆட்டம் ஆடியது. மேஜையில் குச்சிகளை மூன்று குவியலாக வைத்து, நீங்கள் எடுத்ததை விசையில் திருப்பிக் காட்டினால், தான் எத்தனை எடுக்கவேண்டும் என்று விளக்குப் போட்டுச் சொல்லும். கடைசிக் குச்சி எப்போதும் அதற்குத்தான். பிச்சை பதினேழு முறை தோற்றுவிட்டு, டின்னைத் திறந்து பார்த்து, "லம்பு சாஜா, பாங்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வெறும் விளக்குதானே அண்ணே!

வெறும் விளக்குதான். இந்த எளிய உண்மை அந்த ஊரில் பிச்சை ஒருவருக்குத்தான் உறைத்தது.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து ஓராண்டு நிறைவை ஒட்டி வாசகசாலை இளைஞர்கள் ஒரு பொருட்காட்சி வைத்தார்கள். ருஷ்யாக்காரன் வானத்தில் பந்து விட்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வானத்தைக் காட்டித்தான் கடைத்தெரு சோசியர் இன்னும் கல்யாணங்களைக் கூட்டிக்கொண்டும் கலைத்துக்கொண்டும் இருந்தார். "பத்துப் பொருத்தமும் வெறும் வாய்ப்பாடுதானே? அதை ஒரு பெட்டி சொல்லட்டும். சோசியர் எதுக்குன்னு சனங்க கேட்கட்டும்" என்றார்கள் இளைஞர்கள். மருதமுத்துவுக்குக் கை துறுதுறுத்தது.

அலமேலு பஞ்சாங்கத்தைப் பிரித்து அட்டவணை எழுதினாள். எந்த நட்சத்திரம் எந்த கணம், எந்த யோனி, எந்த ரஜ்ஜு. அவள் படிக்க, அவர் ஆம் இல்லை என்று நோட்டில் இறக்கி, கம்பியாக்கினார். பழைய சக்கரத்தில் இருபத்தைந்து முனைதான் இருந்தது, நட்சத்திரமோ இருபத்தேழு. மீதி இரண்டுக்குப் பித்தளை ஆணி அடித்தார். இடது சக்கரம் பெண், வலது சக்கரம் ஆண். மேலே வரிசையாகப் பத்து டார்ச்லைட் பல்பு. எரிந்தால் பொருத்தம் உண்டு, எரியாவிட்டால் இல்லை.

மேடையில் அதை இயக்கிக் காட்டியபோது கூட்டம் வாயைப் பிளந்தது. மருதமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "சோசியர் பொய் சொல்லுவார். பெட்டி பொய் சொல்லாது!" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

அவர் சொல்லவந்தது வேறு. கூட்டம் கேட்டது இதைத்தான். மறுநாளே பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது, கையில் ஜாதகத்தோடு. "மனுஷன்னா காசுக்கு மாத்திச் சொல்லுவான். மெஷினுக்கு யாரு காசு குடுக்கிறது?" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நூறு தலைமுறைப் பொய்க்கு மருதமுத்து பாட்டரி போட்டுக் கொடுத்திருந்தார்.

பொருட்காட்சி முடிந்து பெட்டி வீட்டுக்கு வந்தது. சனங்களும் வீட்டுக்கு வந்தார்கள். செமாபோக்கிலிருந்து, புக்கிட் பாருவிலிருந்து, தோட்டங்களிலிருந்து லாரி பிடித்தும் வந்தார்கள். முதலில் "இதெல்லாம் நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புவார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சொல்வதையே விட்டார். கூலி வாங்கவில்லை. ஆனால் தோட்டத்துக் கங்காணி வீட்டார்கூட வாசலில் காத்து நின்று "மெக்கானிக் ஐயா" என்று கூப்பிடுவது, பால்மரம் வெட்டியவர் மகனுக்கு இனிக்காமல் இருக்குமா?

அந்த ஐப்பசிக்கு அலமேலுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சேதுராமன், கப்பல் சரக்கு ஆபீசில் கிளார்க். இருவரும் வாசகசாலையில் பார்த்து, பேசி, விரும்பி, பிறகு பெரியவர்களிடம் சொன்னவர்கள். மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனம் சோசியரிடம் ஒப்புக்குக் கேட்டு, அவரும் சரி என்று சொல்லி, பரிசமும் போட்டாயிற்று.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், சேலை நிறம் கேட்க பூங்காவனம் கணவர் கலியாணசுந்தரத்தோடு வந்தார். காப்பி குடித்தார். பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"ஊரே பேசுது. நம்ம பிள்ளைங்களுக்குத்தான் திருப்பேன் தம்பி, பார்ப்போம்."

"என்ன அத்தை, பரிசம் போட்டாச்சு. இனிமே என்ன?"

"சும்மா ஒரு வெளையாட்டுக்குத்தான்."

அலமேலு சித்திரை, சேதுராமன் அவிட்டம். மருதமுத்து திருப்பினார். ஏழு விளக்கு எரிந்தது. எரியாத மூன்றில் ஒன்று ரஜ்ஜு.

பூங்காவனத்தின் கை கழுத்துக்குப் போயிற்று. "ரெண்டும் தலை ரஜ்ஜு. புருஷனுக்கு ஆகாது. அந்தச் சோசியன் மறைச்சிட்டானா? என் பிள்ளை உயிரைக் காசுக்கு வித்துட்டானா?"

"அத்தை, பல்பு கழண்டிருக்கும்…" என்று ஆரம்பித்த மருதமுத்து, பாதியில் நிறுத்தினார். பல்பு கழலவில்லை. கம்பி அத்தனையும் சரி. அவருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றே நினைத்தார். "சரி, உங்க நட்சத்திரம் என்ன அத்தை?"

"மிருகசீரிடம்."

"மாமாவுக்கு?"

"சித்திரைப்பா" என்றார் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கலியாணசுந்தரம்.

திருப்பினார். ரஜ்ஜு எரியவில்லை. "பார்த்தீங்களா! உங்களுக்கும் தலை ரஜ்ஜுதான். முப்பது வருஷமா மாமா இதோ இருக்கார். சயாம் ரயில் பாதையில லட்சம் பேர் செத்தாங்க. மாமா போயிட்டு நடந்தே திரும்பி வந்தார். எங்க அத்தை ஆகாம போச்சு?"

இதைவிடத் தெளிவான நிரூபணத்தை எந்த நீதிமன்றம் கேட்கும்? மருதமுத்து ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்ததும்தான் அந்த நினைப்புப் போயிற்று. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அதனாலதான் அவரை லாரியில ஏத்துனானா ஜப்பான்காரன்? ரெண்டரை வருஷம் மரவள்ளிக்கிழங்கைத் தின்னுக்கிட்டு, இருக்காரா செத்தாரான்னு தெரியாம தாலியைப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேனே. ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அலமேலு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அத்தை, அந்த லாரியில இருபத்தேழு நட்சத்திரமும்தான் போச்சு. ஜப்பான்காரன் ஜாதகம் கேட்டா ஏத்தினான்?"

"நான் பட்டது போதும்மா. நீயும் படவேணாம்."

"அத்தை, இது வெறும் பஞ்சாங்கக் கணக்கு. அதுவே பொய்" என்றார் மருதமுத்து.

"உன் தங்கச்சிக்குன்னதும் பொய்யாயிடுச்சா தம்பி? பெட்டி பொய் சொல்லாதுன்னு மைக்கு வெச்சு நீதானே சொன்னே?"

கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். சாவின் பாதையில் கட்டை சுமந்த மனிதர். அன்று அந்தப் பத்துப் பல்பு அவரையும் வெளியே துரத்திவிட்டது.

அடுத்த ஞாயிறு மாலை சேதுராமன் தனியாக வந்தான். உட்காரவில்லை.

"மச்சான், ஒரு வழி இருக்கு. அம்மாவை இன்னொரு தடவை கூட்டிட்டு வர்றேன். ரஜ்ஜு விளக்கு எரியற மாதிரி ஒரு வயரை மாத்திடுங்க. முதல்ல எங்கேயோ லூசா இருந்துச்சுன்னு சொல்லிடலாம். கல்யாணம் நடந்துடும்."

மருதமுத்து ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. தங்கையின் வாழ்க்கை ஒரு முழக் கம்பியில் தொங்கும்போது எந்தக் கொள்கைக்காரனும் குறட்டைத்தான் தேடுவான்.

அலமேலு சேதுராமனிடம் கேட்டாள். "உங்களுக்கு பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? அம்மாவுக்குத்தான்."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

சேதுராமன் தரையைப் பார்த்தான். "பயம்னு இல்ல அலமேலு. ஆனா வயரை மாத்தினப்புறமும் எனக்குத் தெரியுமில்ல, முதல்ல எரியலன்னு. நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட…" மேலே சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. பகுத்தறிவுக் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் அவன்.

"அண்ணே, மூடு."

"அலமேலு, அவசரப்படாதே…"

"இவருக்குத் தலை வலிக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பாரு. அதோட நான் வாழணுமா? மூடுண்ணே."

சேதுராமன் போனான். வாசல் மணி அடித்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. கதவு திறந்தால் அடிக்கும்.

மருதமுத்து கழற்றிய திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "பரிசத்துக்கு முன்னாடியே நாம பார்த்திருந்தா…"

"நான் பார்த்தேன்."

"என்ன?"

"அட்டவணை எழுதினது யாரு? சித்திரையும் அவிட்டமும் ஒரே வரியில இருக்கு. அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு? நாமதான் நம்புறதில்லையே." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நம்பாதவங்க வீட்டுக்குள்ள இது நுழையாதுன்னு நெனைச்சேன்."

"நான் விளையாட்டாத்தான் செஞ்சேன் அலமேலு."

"விளையாட்டுன்னு வாசல்ல நின்னவங்ககிட்ட சொன்னியா? எத்தனை வீட்டுக்கு இந்தப் பெட்டி இல்லைன்னு சொல்லிச்சு? எனக்காவது காரணம் தெரியும். அந்தப் பொண்ணுங்களுக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லு."

போனார். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நினைவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனார். நாற்பதுக்கு மேல் இருக்கும். பெட்டி சொன்னதில் அர்த்தம் இல்லை, அது பஞ்சாங்கத்தின் எதிரொலி, பஞ்சாங்கத்திலும் ஒன்றும் இல்லை என்று சொன்னார். செமாபோக்கில் ஒருவர் காப்பி கொடுத்துக் கேட்டுவிட்டு, "தங்கச்சி கல்யாணம் நின்னது மனசைப் பாதிச்சிருக்கும். லீவு போட்டு ஓய்வெடுங்க" என்றார். இன்னொரு வீட்டில், "எங்களுக்குப் பத்தும் எரிஞ்சுதே, அதையும் பொய்யிங்கிறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார்கள். சொந்த வலி இருக்கிறவன் சொல்லும் உண்மை இந்தச் சமுதாயத்தில் சாட்சியாக ஏறாது. வலியே இல்லாதவன் சொன்னால் உனக்கென்ன தெரியும் என்பார்கள். அவர் தினமும் போனார்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு வீட்டில் பெரியவர்கள் இல்லை. ஜெயா என்ற பெண் மட்டும் இருந்தாள். இருபது வயது இருக்கும். துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பொருட்காட்சி நாளில் அவளுடைய அப்பாவும் அவளுக்குப் பேசியிருந்த பையனின் அப்பாவும் அவளையும் கூட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனவர்கள். பையனுக்குச் சிரம்பானில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

மருதமுத்து சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னார். அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டபடி முழுவதும் கேட்டாள். கோபப்படவில்லை.

"அப்பா இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லல" என்றாள். "நான் பின்னாடி நின்னதால தெரியவும் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் எரியாம போனது எந்த விளக்கு?"

மருதமுத்து யோசித்தார். எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. கைதட்டல் நினைவுக்கு வந்தது. மெக்கானிக் ஐயா என்று கூப்பிட்ட குரல்கள் வந்தன. அவளுடைய விளக்கு வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

ஜெயா தலையை ஆட்டினாள். தோளில் இருந்த துணியை எடுத்து, உதறி, கொடியில் விரித்துப் போட்டாள்.