நூரீன் கேட்ட நீராவி

நூரீன் மூலக்குளத்திலுள்ள தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர். கல்லூரி மாடியில் அவர் கிழக்கு நோக்கி அசையாதபடி நிறுவிய ரேடியோ டிஷ், நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களிலுள்ள நீராவியின் அலையைத் தேடியது. மழைக்காலக் காற்றின் ஈரம் அந்த அலையை விழுங்கிவிடும் என்பதால் தை மாதம்வரை காத்திருந்தார். ஒரு மாலை, கிழக்கே எழுந்த ஓரியன் விண்மீன் கூட்டத்திலிருந்து கூர்மையான சிக்னல் கிடைத்தது.

"அந்தத் திசையிலதான் செல்போன் டவர் நிக்குது மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர் ஹரிகிருஷ்ணன். அது டவர்தான் என்றால் மூன்று வருட உழைப்பு வீண்.

நூரீன் அடுத்த மாதமும் அளந்து பார்க்க முடிவு செய்தார். பூமி சூரியனைச் சுற்றுவதால், வானத்திலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாதந்தோறும் சற்று நகரும், டவருடையது நகராது. மாசிக் கடைசியில் ஓரியன் மதியத்திலேயே கிழக்கே எழும். நோன்போடு, வெயிலில் மாடியேறி மறுபடி அளந்தார். கணக்கிட்டிருந்த அளவுக்கே சிக்னல் நகர்ந்திருந்தது.

"டவர்காரன் அலைவரிசைய மாத்தியிருப்பானோ?" என்று சீண்டினார் ஹரிகிருஷ்ணன்.

"விசாரிச்சுச் சொல்லுங்க சார். அப்புறந்தான் ஆய்வுக் கட்டுரைய எழுதுவேன்."

விளையாட்டாகச் சொன்னவர் மறுநாள் நேரிலேயே போய் விசாரித்து வந்தார்.

"ஒரு வருஷமா எதையும் மாத்தலியாம். தண்ணிதான் மேடம், எழுதுங்க."