அக்காவின் அபராதப் பன்றிகள்

எங்கள் சவாயி தீவில் என் அக்கா பெனினா அளவுக்கு ஊர்ச் சபைக்கு அபராதம் கட்டியவள் வேறு ஒருத்தி கிடையாது. இன்று இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அன்றைக்கு எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

தாவிதா என்பவன் ஒரு நிலத் தகராறில் சபையின் தீர்ப்பை ஏற்காமல் நகரத்து நீதிமன்றத்துக்குப் போனான். சபை பொறுக்குமா? குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பினோம். யாரும் அவர்களோடு புழங்கக் கூடாது, வாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது. எங்கள் குடும்பத்துக்குத் தலைவன் என்ற முறையில் நானும் அன்று சபைக் கூடத்தில் எனக்கென்று ஒதுக்கிய தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எங்கள் சபையில் வாயைத் திறக்காதவன் சம்மதித்தவன்.

தாவிதா கரிய எரிமலைப் பாறைகளுக்கு அப்பால் தன் சேம்புத் தோட்டத்தில் தகரக் கூரை போட்டுக் குடியேறினான். அவன் மனைவி லூபேவுக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஊர் பஸ்ஸும் அவர்களை ஏற்றாது. மாவட்ட ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் என் அக்கா. தினமும் கழுவிக் கட்டாவிட்டால் அந்தக் கால் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

விடிந்ததும் துணியும் மருந்துமாகப் பாறைகளைத் தாண்டிப் போனாள். சபை அபராதம் போட்டது: பெரிய பன்றி ஒன்று, டின் மீன் பத்துப் பெட்டி. மறுபேச்சு இல்லாமல் கட்டினாள். மறுநாள் விடிந்ததும் மறுபடி போனாள்.

"அக்கா, உனக்குப் பித்துப் புடிச்சிருச்சா?" என்று கத்தினேன்.

"அபராதம் போட்டாங்க, கட்டிட்டேன். போகாதேன்னு கர்த்தர் சொல்லட்டும், அன்னிக்கே நின்னுக்கறேன்."

"கர்த்தர் வந்து பன்னி வளத்துத் தருவாரா?"

"இதுவரைக்கும் நீயா வளத்த?"

அடுத்த மாதம் இரண்டாவது பன்றியும் போயிற்று. மூன்றாவதாகப் போனது சினைப் பன்றி. கோயில் பாடகர் குழுவில் அவள் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. சாயங்கால ஜெபத்தில் அக்கா மட்டும் தாவிதாவின் பெயரையும் லூபேவின் பெயரையும் சத்தமாகச் சொல்வாள், அதோடு ஊர்த் தலைவர் சாவேயாவின் பெயரையும். என் மனைவி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். எனக்கு ஆமென் வராது.

நான்காவது மாதம் சபை கூடி அக்காவை வரவழைத்தது. சாவேயா கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஊர்க்கட்டு என்று வந்துவிட்டால் அவருக்குப் பெற்ற பிள்ளையும் ஊரானும் ஒன்றுதான்.

"பெனினா, தோட்டத்துல சேம்பு இருக்கு, சரி. அந்தப் புள்ளைங்க வாயில கறி வாசம் அடிக்குதாமே! யாரு குடுத்தது?"

"நீங்கதான் ஐயா."



அபராதப் பன்றியைச் சபையில் வெட்டி அவரவர் தகுதிப்படி பங்கு போடுவோம். எனக்குப் பின்னங்கால் வரும். தம்பி தனக்கு வந்த நல்ல பங்கை அக்காவுக்குக் கொடுப்பது எங்கள் முறை. உடன்பிறந்தாள் கண்ணின் கருமணி என்று சும்மாவா சொல்கிறோம்? மூன்று முறையும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். அது எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

"நான் கட்டின பன்னி, நீங்க வெட்டின பங்கு, தம்பி குடுத்த கால். நான் சும்மா சுமந்துட்டுத்தான் போனேன்" என்றாள் அக்கா.

மூலையில் ஒரு கிழவர் சிரித்துப் புரையேறினார். சாவேயா சிரிக்கவில்லை.

"நாளைக்கு நீ அங்க காலடி வச்சா, உன் தம்பி குடும்பம் மொத்தமா ஊரைவிட்டுப் போகணும்."

எல்லாக் கண்களும் என் மேல். எனக்கு மூன்று பிள்ளைகள். என் அப்பாவின் கல்லறை வீட்டு வாசலில் இருக்கிறது. அக்கா ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு அக்கா போவா. நானும் கூடப் போவேன். அனுப்பறதுன்னா அனுப்புங்க. அன்னிக்கு மாதிரி வாய மூடிட்டு உக்காந்திருக்க மாட்டேன்" என்றேன்.

சாவேயா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊர்க்கட்டை எடுக்க முடியாது. பழைய அபராதமே இருக்கட்டும். ஒரு பன்னி."

"தொழுவம் காலி, ஐயா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? என் தொழுவத்துல ஒன்னைப் புடிச்சு அபராதத்தைக் கட்டுடா."

மறுநாள் வெந்நீரைச் சுமந்துகொண்டு அக்காவின் பின்னால் பாறை பாறையாகத் தாண்டினேன். லூபேவின் கால்கட்டைப் பிரித்தாள். ஓரமெல்லாம் சிவப்பாகப் புதுச் சதை பிடித்திருந்தது. நாலு மாதம், ஒரு நாள் தவறாமல், ஊரே எதிர்த்து நிற்க, என் அக்கா சம்பாதித்த சதை அது. எனக்குக் கண் கலங்கியது. அவள் பாத்திரத்தை என்னிடம் தள்ளினாள். மண்டி போட்டு லூபேவின் பாதத்தைக் கையில் ஏந்தினேன்.

லூபே என்னை உற்றுப் பார்த்தாள். "எங்களை அனுப்பறப்போ நீயும் சபையில உக்காந்திருந்தல்ல?"

"உக்காந்திருந்தேன்."

"சரி, தண்ணிய மெதுவா ஊத்து."