மூடியின் மேல் உட்கார்ந்தவர்

என் அப்பா பரமசிவம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பு ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர். போன மாதம் ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் இறந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு செப்டிக் டேங்க். அதற்காக அவர் வருத்தப்பட மாட்டார்.

பராமரிப்புக்காகப் பாய்லரை நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில் அதற்குள் ஆட்கள் இறங்குவார்கள். உள்ளிருக்கும் காற்றைச் சோதித்த பிறகே இறங்க வேண்டும். இறங்கும் துளைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பதில் வராவிட்டால் வேலை நிற்கும். சும்மா உட்காரும் அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. அப்பா கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஓய்வு பெற்றதும் க்வார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினார். தெரு முழுக்க ஓய்வுபெற்றவர்கள். எங்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து ஒரே டேங்க். அடியில் கழிவு இறுகிப்போனால் கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் இழுக்காது. அப்போது கொளஞ்சிநாதனை அழைப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர். உள்ளே இறங்கி வாளியில் அள்ளிக் கொடுப்பார். ஆளை இறக்கக்கூடாது என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று பக்கத்து வீட்டுக் கருப்பசாமி மாமாதான் அவரை அழைத்திருந்தார். அப்பாவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். மறுநாள் அவர் மகளுக்கு வளைகாப்பு. டேங்க் நிரம்பி நின்றது. மூடியைத் திறக்கக் கொளஞ்சிநாதன் கடப்பாரையோடு வந்தபோது, அப்பா அந்த மூடியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன அண்ணாச்சி, விளையாடுதீங்க? எந்திரிங்க" என்றார் மாமா.

"பாய்லர்ல கேஸ் பாக்காம ஒருத்தனையாவது இறக்கியிருப்பமா வே? இங்க மட்டும் எப்படி இறக்குதீரு?"

"அது கம்பெனி வேலை. இது நம்ம வீட்டு வேலை."

"நம்ம வீட்டு வேலைதான? அப்ப நீரு முதல்ல இறங்கும். பின்னால நான் வாரேன்."

தெருவில் சிலர் சிரித்தார்கள். கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை. "சார், நான் பாக்காத தொட்டியா? ஒண்ணும் ஆவாது. நீங்க இப்பிடி குந்திக்கினு இருந்தா எனக்கு யாரு சார் வேல குடுப்பா?"

அப்பா எழுந்திருக்கவில்லை. கொளஞ்சிநாதன் கடப்பாரையோடு திரும்பிப் போனார்.

நான் கெமிக்கல் இன்ஜினியர். டேங்கில் ஊறும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைக்கும்போதுதான் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இதை எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். என் தெருவுக்கும் இது பொருந்தும் என்று நான் யோசித்ததில்லை. அப்பா யோசித்தார்.

வளைகாப்புக்கு வந்தவர்கள் அடுத்த தெருவில் கழிப்பறை தேடினார்கள். கருப்பசாமி மாமா எங்களோடு பேசுவதை நிறுத்தினார். அப்பா பழைய இரும்புக் குழாயின் முனையில் குறுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். டேங்கில் தண்ணீர் விட்டு, வேலைக்குப் போட்ட காக்கிச் சட்டையோடு மேலே நின்றபடி அடிக்கழிவைக் கலக்கினார். கரைந்ததை லாரி உறிஞ்சியது.

"ரிட்டயர்டு ஆனதும் நல்ல போஸ்டிங் கெடச்சிருக்கு போல" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஷிப்டும் இல்ல, மேல ஆபீசரும் இல்ல. ஆள் எடுக்காங்க, வாரீரா?" என்றார் அப்பா.

செய்தி எங்கள் சொந்த ஊருக்குப் போனது. அடுத்த முறை வந்த பெரியத்தை, அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அம்மா அழுதாள். "பசிச்சா சாப்பிடுவா" என்று அப்பா தன் தட்டை இழுத்துக்கொண்டார். அத்தை சாயங்காலம் வரை தாங்கினாள்.

யார் வேலை கொடுப்பார்கள் என்று கொளஞ்சிநாதன் கேட்டது மட்டும் அப்பாவை விடவில்லை. கொளஞ்சிநாதனை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் லாரிக்காரர்களிடம் போனார். "ஹோஸ் பிடிக்க ஆள் வேணும்லா? இவர வச்சுக்கிடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் நின்றார். பலர் விரட்டினார்கள். ஒருவர் சேர்த்துக்கொண்டார். கலக்கும் குழாயையும் அப்பா கொளஞ்சிநாதனுக்கே கொடுத்துவிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லாரி வேலை இல்லாத நாட்களில் கொளஞ்சிநாதன் வேறு தெருக்களில் இறங்கத்தான் செய்தார். எங்காவது மூடி திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அப்பா மொபெட்டை எடுப்பார். அவர் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து வேலையை முடித்தவர்கள் உண்டு.

அவர் இறந்தபோது என் தம்பி குவைத்தில் இருந்தான். அவன் வரும்வரை உடலை ஃப்ரீசர் பெட்டியில் கூடத்தில் வைத்திருந்தோம். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்தார்கள். மறுநாள் காலை டேங்க் நிரம்பிக் கழிப்பறையில் தண்ணீர் மேலே வந்தது.

கொளஞ்சிநாதன் மாலையோடு வந்திருந்தார். சித்தப்பா அவரை ஓரமாக அழைத்தார்.

"நீதான் டேங்க் வேலை பாக்க ஆளாமே. கொஞ்சம் இறங்கிப் பாத்துருய்யா. பொம்பளயாளுக தவிக்காங்க."

கொளஞ்சிநாதன் கூடத்துப் பக்கம் பார்த்தார். "எறங்க மாட்டேங்க."

"சாவு வீட்டுலயே மாட்டேம்பியா?"

"யாரு வூட்லயும் இனிமே மாட்டேங்க. லாரிக்கி சொல்லிட்டேன், வந்துகினு இருக்குது. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

சித்தப்பா குரலை உயர்த்தினார். அதற்குள் கருப்பசாமி மாமா வெளியே வந்தார். "நீங்க சும்மா இரிங்க" என்று அவரை உட்காரவைத்தார். பெண்களை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "எங்க அண்ணாச்சி தவறிட்டாரு, கொஞ்சம் பாத்ரூம் திறந்துவிடுங்க" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

லாரி வந்தது. மூடியைத் திறந்ததும் சித்தப்பா பீடியோடு எட்டிப் பார்க்கப் போனார். "கேஸ் பத்திக்கும்" என்று கொளஞ்சிநாதன் அவர் கையைப் பிடித்துத் தூரத் தள்ளினார். பிறகு அப்பா கொடுத்த குழாயை விட்டுக் கலக்க ஆரம்பித்தார். நான் டேங்கின் அருகே நின்று பிள்ளைகள் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டேன்.

பெரியத்தை தேடிக்கொண்டு வந்தாள். "அப்பன் உள்ள கெடக்கான். நீ இங்க நின்னு என்னட்டி பண்ணுத?"

"வாரேன் அத்தை" என்றேன். மூடியைப் போட்ட பிறகு உள்ளே போனேன்.