எங்கள் கிணற்றில் ஐந்து

முப்பத்து நான்கு வயதில், மூன்றாம் முறையாக, சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். ஊர் முன்பள்ளியில் ஏழு வருடமாக நான் உதவியாளர். ஆசிரியையாக வேண்டுமென்றால் கணிதத்தில் சித்தியடைய வேண்டும். அடுத்த வருடம் அந்த வேலைக்கான வயதெல்லை தாண்டிவிடும், ஆகவே இதுதான் கடைசித் தடவை.

மற்றதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. கலவைக் கணக்கு மட்டும் அடம்பிடித்தது. சிலாபத்தில் வாங்கிய பயிற்சிப் புத்தகத்தில் ஒரு கணக்கு: லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம் உப்புள்ள கடல் நீர் நாற்பது லீற்றர் இருக்கிறது. அதை இருபது கிராமாகக் குறைக்க எத்தனை லீற்றர் கிணற்று நீர் சேர்க்க வேண்டும்?

என் கணவருக்கு இறால் குஞ்சு வளர்க்கும் பண்ணையில் வேலை. கடல் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் கலந்து தொட்டிகளை நிரப்புவதுதான் அவருடைய அன்றாடப் பாடு. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"நாப்பது" என்றார், பேனையைத் தொடாமலே.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். விடை முப்பது.

எனக்குப் பொல்லாத கோபம். பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமைதான். "எட்டாம் வகுப்போட நிப்பாட்டின ஆளிட்ட கேட்டது என்ட பிழை" என்று சொல்லிவிட்டேன். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். சொன்ன வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

மறுநாள் பின்னேரம், பண்ணையில் உப்புப் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் விட்டு என்னிடம் நீட்டினார். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கோடு ஐந்தில் நின்றது, லீற்றருக்கு ஐந்து கிராம் உப்பு.

"கிணத்துத் தண்ணில உப்பு இல்லயெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. புத்தகம் அப்படி நினைத்துக்கொண்டது, நானும் தலையாட்டினேன். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது என்று தினமும் திட்டுகிறவளும் நான்தான்.

"கடல் தண்ணி வேண்டியதவிடப் பதினஞ்சு கூட. கிணத்துத் தண்ணி பதினஞ்சு குறைய. அப்ப சமனுக்குச் சமன் ஊத்தணும். நாப்பதுக்கு நாப்பது."

கூடினது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு. இவ்வளவுதானா? புத்தகத்தின் சைபரைப் போட்டுப் பார்த்தேன், முப்பது வந்தது. எங்கள் கிணற்றைப் போட்டேன், நாற்பது வந்தது. சந்தோஷத்தில் அவர் தோளில் ஒரு குத்து விட்டேன்.

பரீட்சையில் வந்தது பழச்சாறு. இரண்டு போத்தல், இரண்டிலும் சீனி, சைபர் எங்கேயும் இல்லை. பழைய நான் என்றால் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். கூடினதையும் குறைந்ததையும் எழுதினேன், விடை வந்து விழுந்தது.

பெறுபேறு வந்த அன்று அவருடைய போனில்தான் பார்த்தோம். கணிதம், 'சி', திறமைச் சித்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, இத்தனை நாளும் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"அண்டைக்கு நீங்க சொன்ன நாப்பது சரிதான்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நீ சொல்லுவியா எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தன்."