ஏலத்தில் எடுத்த வேனின் இடது கதவு

இது நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். என் தம்பி மகன் கமலக்கண்ணன், அவன் மனைவி தேவிப்ரியா. ஏலத்தில் உடன் நின்றவர் வண்டி புரோக்கர் குப்புராஜ். கடைசியில் விவரம் சொன்னவர் கண்ணமங்கலம் தாண்டி ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் சின்னபொண்ணு. நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்கலாம். ஆரணியில் நான்கு தலைமுறையாகப் பட்டு நெய்கிற வீடு எங்களுடையது. கதை கட்டிப் பிழைக்கும் நிலை எங்களுக்கு வந்ததில்லை.

தேவிப்ரியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். விடியும்போதே அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இன்னொரு முறை தவறினால் நீர் நெஞ்சுக்குள் ஏறும். அப்புறம் மூச்சு நம் கையில் இல்லை.

முதலில் பஸ்ஸில்தான் போனார்கள். ஒரு நாள் கூட்டத்தில் நின்றபடியே மயங்கி, முன்னால் நின்றவர் முதுகில் சரிந்தாள். அன்று கமலக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சேலைக்கடை முதலாளியிடம் போய்க் காரை இரவல் கேட்டான்.

"பட்டு ஏத்தற வண்டி தம்பி. நோவுக்காரங்கள ஏத்துனா ராசி போயிடும்" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் ஒருவன் இன்னொருவர் வாசலில் நின்று இல்லை என்ற சொல்லை வாங்கி வந்தது அதுதான் முதல் முறை. அந்த வாரமே அவன் ஏலத்துக்குப் போனான்.

தவணை கட்டாமல் பறிமுதலான வண்டிகளை ஒரு பைனான்ஸ்காரர் பொது ஏலத்தில் விட்டார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் புரோக்கர்கள் கத்திக் கத்தி விலையை ஏற்றினார்கள். கமலக்கண்ணன் கைக்கு எட்டாமல் ஒவ்வொன்றாகப் போயிற்று.

வெள்ளை ஆம்னி வேன் ஒன்று வந்தது.

கொட்டகை சட்டென்று அமைதியானது. ஒருவரும் விலை கேட்கவில்லை. ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

"அத்த வுட்டுடுங்கண்ணா" என்றார் குப்புராஜ்.

"இன்ஜின் கெட்டுப்போச்சா?"

"இன்ஜின் சோக்காத்தான் கீது."

"அப்புறம் இன்னா?"

குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமலக்கண்ணன் கையைத் தூக்கினான். எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

யாரும் கேட்கப் பயந்த வண்டி என்று வீட்டில் சொன்னபோது தேவிப்ரியா சிரித்தாள். "வேலூர் பஸ்ல நின்னுகினு போறதுக்கு, பேயோட ஒக்காந்துகினே போயிடலாங்க."

நடு சீட்டுக்குப் பக்கத்தில், இடது கதவின் உள்கைப்பிடியில் பழைய மஞ்சள் நூல் ஒன்று கட்டியிருந்தது. நுனி அறுந்து தொங்கியது. வேறு யாராயிருந்தாலும் முதல் வேலையாக அதை அறுத்து எறிந்திருப்பார்கள். நெசவு வீட்டுப் பெண் அப்படிச் செய்ய மாட்டாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் பழைய இழையை நாங்கள் அறுத்துப் போடுவதில்லை. விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய நுனியோடு புது இழையை வைத்து முறுக்கிப் பிணைப்போம். தறி ஒரு பொழுதும் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. தேவிப்ரியாவும் அதையே செய்தாள். தன் உயிருக்கு வேண்டிக்கொண்டு படவேட்டுக் கோயிலிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் நூலை, அந்தப் பழைய நூலோடு பிணைத்துவிட்டாள்.

முதல் பயணம் செவ்வாய்க்கிழமை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மணி 4.20. தேவிப்ரியா நடு சீட்டில் வலது ஓரமாகச் சாய்ந்திருந்தாள். கண்ணமங்கலம் தாண்டி, மூடிக் கிடக்கும் ஒரு செங்கல் சூளை. அதன் எதிரில் வேகத்தடை. கமலக்கண்ணன் பிரேக் போட்டான்.

க்ர்ர்ர்...

இடது கதவு தானாக நகர்ந்து திறந்தது.

பழைய வண்டி, பூட்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்தான். இறங்கி மூடுவதற்குள் வண்டி இடது பக்கம் லேசாக அமுங்கியது. க்ர்ர்ர்... தடக். கதவு மூடிக்கொண்டது.

கமலக்கண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

வேலூர் எல்லை வரும்போது பின்னால் மூச்சு இரைத்தது. ஈரமான இரைப்பு. நீருக்குள்ளிருந்து இழுப்பது போல.

"தேவி, மூச்சு வாங்குதா?"

கண்ணாடியில் அவள் முகம் வெளுத்திருந்தது.

"நான் இல்லீங்க... நான் மூச்சப் புடிச்சிகினு கீறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் இடது பக்கம் மேலே எழும்பியது. திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை, அதே சூளை. அதே கதவு. அதே மூச்சு.

குப்புராஜை வரவழைத்தான் கமலக்கண்ணன். அவர் நூலைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னாண்ணா இது? அறுக்க வேண்டியத்தப் போயி சேத்து முறுக்கிகீறீங்க. ஜல்தியா அறுத்துடுங்க."

கத்தரியோடு குனிந்தான் கமலக்கண்ணன். பிணைத்த இடம் தெரியவில்லை. தேவிப்ரியாவின் கைவேலை அப்படி. பழையது எங்கே முடிகிறது, அவள் உயிருக்கு வேண்டிய நூல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கே வெட்டினாலும் அவளுடையது அறுபடலாம்.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டான்.

சனிக்கிழமை அவன் வண்டியை எடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னான். பயம் என்று சொல்ல எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய் வராது. ஞாயிறு மாலை தேவிப்ரியாவின் கால் வீங்கியது. திங்கள் இரவு அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்தாள்.

வேறு வழி இல்லை. வேறு வண்டியும் இல்லை.

நைலான் கயிற்றை எடுத்து இடது கதவை உள்பக்கமாக இறுக்கிக் கட்டினான். மூன்று முடிச்சு. சூளை வந்தது. வேகத்தடையில் பிரேக் போடவில்லை. வண்டி தூக்கிப் போட்டது.

இன்ஜின் நின்றது.

சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லை. விளக்கும் அணைந்தது. போனில் சிக்னல் இல்லை. மணி 4.55. பக்கத்து டீக்கடை இன்னும் திறக்கவில்லை. ரோட்டில் ஒரு லாரி கூட வரவில்லை.

பின்னால் தேவிப்ரியாவின் இரைப்பு. அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

தட்.

தட். தட்.

இடது கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

சத்தம் கீழேயிருந்து வந்தது. நிற்கிறவர் தட்டும் உயரம் அல்ல. தரையில் உட்கார்ந்திருப்பவர் தட்டும் உயரம்.

தட்... தட்... தட்...

"யாரு?" என்றான்.

தட்டல் நின்றது. மூச்சு கேட்டது. தேவிப்ரியாவின் மூச்சு உள்ளே. அதே போல் இன்னொன்று, கதவுக்கு வெளியே.

"அவுத்துடுங்க" என்றாள் தேவிப்ரியா.

"வாணாம் தேவி."

"இந்த மூச்சு எனக்குத் தெரியும்ங்க... அவங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான்."

அவன் நடு சீட்டுக்குத் தாவினான். முதல் முடிச்சு.

இரண்டாவது.

மூன்றாவது வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

கதவைத் தள்ளினான்.

வெளியே யாரும் இல்லை. இருட்டு. சூளைச் சுவர்.

"ஏறிக்கம்மா" என்றான். அழுதுகொண்டிருந்தான். "ஏறிக்க... எங்களப் போக வுடு."

வண்டி அமுங்கியது.

க்ர்ர்ர்... தடக்.

சாவியைத் தொட்டான். இன்ஜின் உறுமியது.

இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். தேவிப்ரியா பிழைத்தாள்.

திரும்பி வருகையில் சூளைக்குப் பக்கத்து டீக்கடையில் கமலக்கண்ணன் வண்டியை நிறுத்தினான். சின்னபொண்ணு டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வேனையே பார்த்தாள்.

"இது சந்தவாசல் ஜீவானந்தம் வண்டிதானே?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? போன ஐப்பசில இங்கதான் பைனான்ஸ்காரங்க மடக்கினாங்க. உள்ள அவன் பொண்டாட்டி கலையரசி. காலு ரெண்டும் யான மாதிரி வீங்கிப்போயி, டயாலிசிசுக்குப் போயிகினு இருந்தா. எறங்குன்னாங்க. கைப்பிடியில கட்டியிருந்த மஞ்ச நூல அவ புடிச்சிகினா, அது அறுந்துபோச்சி. எறங்கி நிக்க முடியல, தரையிலே ஒக்காந்துட்டா. ஒக்காந்த வாக்குல கதவத் தட்டிகினே கெடந்தா. வண்டி போயிடுச்சி. நானும் ஓடினேன், அவனும் ஓடினான், வர்ற வண்டிய எல்லாம் கை காட்டினோம். ஒருத்தனும் நிறுத்தல." சின்னபொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விடியறதுக்குள்ள போயிட்டா."

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. தேவிப்ரியாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாம். எங்கள் வீட்டார் சூளை ஓரத்தில் கோழி அறுத்துப் பூசை போட்டு அதை விரட்டிவிட்டார்களாம்.

பொய். தேவிப்ரியா நன்றாக இருக்கிறாள். பூசை எதுவும் போடவில்லை. யாரையும் விரட்டவும் இல்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அங்கே வண்டி நிற்கும். கதவு மூடிய பிறகு கிளம்பும்.