வெள்ளை நாடா கட்டிய வழி

இதை அப்பாவோ சித்தப்பாவோதான் எழுதியிருக்க வேண்டும். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். முப்பது வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். அவர்கள் இரண்டு பேரும் எழுத மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் துணிந்தேன். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு பேரும் பட்டாளத்தில் இன்ஜினியர் பிரிவில் இருந்தவர்கள். பெரிய படிப்பு என்று நினைக்க வேண்டாம், எட்டாவதுதான். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, சண்டை நடக்கும் இடத்தில் எதிரி புதைத்த கண்ணிவெடியைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நேராகக் குத்தினால் வெடித்துவிடும் என்பதால், அப்பா முன்னால் படுத்து ஊர்ந்தபடி கம்பியைச் சாய்த்து மண்ணைக் குத்திப் பார்ப்பாராம். பார்த்து முடித்த வழிக்கு இரண்டு பக்கமும் சித்தப்பா வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவாராம். நாடாவுக்குள்ளே நடந்தால் உயிர் பிழைக்கலாம். அந்த வழியில்தான் படை போகும்.

சின்ன வயதில், "எத்தனை பேரைச் சுட்டீங்கப்பா?" என்று கேட்டேன். "யாரையும் சுடலை கண்ணு. வழி போட்டோம்" என்றார். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட அது எனக்குப் போதவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையிலிருந்து விடாத மழை. எங்கள் கம்பெனி வீதியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். குழாய் பதிக்க அங்கங்கே ஆள் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். செந்தண்ணீருக்குள் குழி எது, ரோடு எது என்று தெரியவில்லை. காலையில் ஒருவர் மொபெட்டோடு குழிக்குள் போய்விட, கயிறு போட்டு இழுத்தோம். அதற்குப் பிறகு யாரும் வாசலைத் தாண்டவில்லை.

மத்தியானம் டெய்லர் பெண் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, நிறைமாசம். "யக்கா, தாங்க முடியலக்கா" என்று என் கையை நசுக்கினாள். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நின்றது, கண்ணுக்குத் தெரியும் தூரம். டிரைவர் போனில், "உள்ள வந்தா வண்டியே போயிருமுங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு கம்பெனிச் சுவரை ஒட்டியே இருக்கிறது. சத்தம் கேட்டு அப்பா வந்தார். கையில் ஒரு இரும்புக் கம்பி. பின்னாலேயே சித்தப்பா. இரண்டு பேருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது.

"வெள்ளை நாடா கொண்டா கண்ணு!" என்றார் சித்தப்பா.

ஓடிப்போய் கைக்குக் கிடைத்த ரோலை எடுத்து வந்தேன். சித்தப்பா கம்பெனி கேட்டில் ஒரு முனையைக் கட்டி இழுத்தார். அது இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்கண்ணா, உங்க புள்ள ஜட்டி எலாஸ்டிக் கொண்டாந்திருக்கறா பாருங்க. இதைப் புடிச்சுட்டு நடந்தா நேரா குழிக்குள்ளதான்!"

வலியோடு அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டது. திரும்ப ஓடி, கழுத்துக்கு வைத்துத் தைக்கும் காட்டன் நாடா கொண்டு வந்தேன்.

அப்பா தண்ணீரில் இறங்கினார். கம்பியைச் சாய்த்துக் குத்தினார். அரை அடி நகர்ந்தார். மறுபடியும் சாய்த்துக் குத்தினார்.

"அண்ணா, இது வெடியில்லீங்க, வெறுங்குழி. நேராவே குத்துங்க."

"கை கேக்க மாட்டேங்குது போ."

நாங்கள் டெய்லர்கள் உட்காரும் உயரமான இரும்பு ஸ்டூல்களைக் கை மாற்றிக் கொடுத்தோம். சித்தப்பா அவற்றைத் தண்ணீரில் இரண்டு பக்கமும் நிறுத்தி நாடா கட்டினார். ஓரிடத்தில் கம்பி கைப்பிடி வரை உள்ளே போனது. அப்பா அதே காலடியில் பின்னுக்கு வந்து, சுவரோரமாகத் திரும்பிக் குத்தினார்.

"சீக்கிரமுங்க ஐயா!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்பா திரும்பவில்லை. சித்தப்பாதான் சொன்னார்: "சீக்கிரமாப் போனவனுக எல்லாம் இன்னும் அங்கயேதானுங்க கெடக்கறானுக."

அப்புறம் ஸ்டூல்கள் மட்டும் கை மாறிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டது. வளைந்து வளைந்து வழி நீண்டது. தினமும் காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுக்கும் மனிதர்தானா இவர் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பட்டாளத்தில் இருந்தபோது அவருக்கு இருபது வயது. படுத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே வெடியை வைத்துக்கொண்டு, பின்னால் தம்பியை வைத்துக்கொண்டு, இதே நிதானத்தில் போயிருக்கிறார்.

மெயின் ரோட்டைத் தொட்டதும் அப்பா கையைத் தூக்கினார். எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்கள் நாலு பேர் அந்தப் பிள்ளையை நாற்காலியோடு தூக்கி நாடாவுக்குள் இறங்கினார்கள். அங்கிருந்தே, "தீரே, தீரே!" என்று மெதுவாக நடக்கச் சொல்லி அப்பா குரல் கொடுத்தார். அவர் இந்தி பேசி நான் கேட்டதே இல்லை. நாலு பேரும் படைக்காரர்கள் மாதிரி அடி பிசகாமல் நடந்தார்கள். ஆம்புலன்ஸ் கதவு சாத்திய பிறகுதான் அப்பா கம்பியைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்ததாகப் போன் வந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். ஊசி போட்டுக் கூட்டி வந்துவிட்டு, பதினோரு மணிக்கு வேலைக்குப் போனேன்.